டெக்சஸுக்கு மாறலாமா? – கேள்வி பதில்

கலிபோர்னியாவிலோ நியூஜெர்சியிலோ நம்மவர்கள் ரெண்டு குடும்பம் சந்தித்தால், சுற்றிச் சுற்றிப் பேச்சு டெக்சஸில்தான் வந்து நிற்கிறது. வருமான வரி கிடையாதாம், வீடு பாதி விலையாம், ஜனங்களும் நல்ல மாதிரியாம். நான் டல்லாஸுக்கு வடக்கே வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பவள். அப்படி வந்து சேர்ந்தவர்களின் காகிதங்கள்தான் என் மேசை முழுக்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா): அக்கா, நாங்கள் இருவரும் சேர்ந்து வருடம் 2 லட்சம் டாலர் சம்பாதிக்கிறோம். இப்போது வாடகை வீடு. டல்லாஸுக்கு வடக்கே செலைனா பக்கம் புது வீடு ஒன்று 6 லட்சத்துக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

பதில்: முதலில் நிச்சயமாக மிஞ்சுவதைச் சொல்கிறேன். உங்கள் வருமானத்துக்கு கலிபோர்னியா மாநில வருமான வரி சுமார் 10,000 டாலருக்குச் சற்று மேல் வரும். அது போக, ஊனக் காப்பீடு என்று சம்பளத்தில் 1 சதவீதத்துக்கு மேல் பிடிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் 12,000, 13,000. டெக்சஸில் இந்த இரண்டுமே கிடையாது. தனிநபர் வருமான வரி போடக்கூடாது என்று 2019-ல் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், அதனால் நாளைக்கே மாறிவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

இனி, போகிற பக்கம். டெக்சஸில் அந்தப் பணத்தை வீட்டின் மேல் சொத்து வரியாக வைத்து எடுக்கிறார்கள். புதிதாக உருவாகும் குடியிருப்புகள் பலவற்றில் 'மட்', 'பிட்' என்று கூடுதல் வரி உண்டு. தண்ணீர்க் குழாய், சாக்கடை, சாலை போடுவதற்காக வாங்கிய கடனை அங்கே குடியிருப்பவர்களிடம் வருடா வருடம் வசூலிப்பது. அப்படிப்பட்ட இடத்தில் மொத்த வரி 2.4 சதவீதம், அதில் பள்ளி வரி 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் குடியிருப்புச் சலுகையான ஹோம்ஸ்டெட் கழிவு, பள்ளி வரிக்கு வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் (2023-ல் 1 லட்சம், 2025-ல் கூட்டினார்கள்). கழித்துப் போட்டாலும் 6 லட்சம் வீட்டுக்கு வருடம் 12,700 டாலர் வருகிறது. அதே விலையில் கொஞ்சம் பழைய வீடு, மட் இல்லாத இடம், மொத்தம் 1.7 சதவீதம், பள்ளி வரி 1 சதவீதம் என்றால் 8,800. ஒரே விலை, பக்கத்துப் பக்கத்து ஊர், வருடத்துக்கு 4,000 வித்தியாசம். கிரானைட் மேடையைப் பார்ப்பதற்கு முன்னால் வரி விகிதத்தைக் கேளுங்கள்.

புது வீட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஜனவரி 1 அன்று அந்த இடம் எப்படி இருந்ததோ அதற்குத்தான் அந்த வருட வரி. அன்றைக்கு வெறும் மண்ணாகவோ பாதிச் சுவராகவோ இருந்திருந்தால் முதல் வருட வரி சொற்பமாக வரும். சில சமயம் கடன் கொடுத்தவரும் அதை வைத்தே மாதத் தவணையில் எஸ்க்ரோ (வரிக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து வைக்கும் பணம்) பிடிப்பார். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரி வந்ததும் எஸ்க்ரோவில் பள்ளம் விழும். பழைய பாக்கி, புது விகிதம் இரண்டையும் சேர்த்துத் தவணை திடீரென்று மாதம் 1,000 டாலருக்கு மேல்கூட ஏறும். தவணை ஏறியதைச் சொல்லும் கடிதத்தை எடுத்துக்கொண்டு "ஏதோ தப்பாகப் போட்டுவிட்டார்கள்" என்று என்னிடம் ஓடி வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. தப்பு எதுவும் இருக்காது. முழு வீட்டுக்கான வரியை நீங்களே கணக்குப் போட்டு, முதல் மாதத்திலிருந்தே எடுத்து வையுங்கள்.

அப்புறம் காப்பீடு. வசந்த காலத்தில் இங்கே எலுமிச்சை அளவுக்கு ஆலங்கட்டி விழும். கூரை போய்விடும். ஆலங்கட்டிச் சேதத்துக்கு உங்கள் கைக்காசு வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம் என்று இருக்கும். 5 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் முதல் 10,000 டாலர் உங்களுடையது. வீட்டுக்கு விலை பேசும்போதே காப்பீட்டு விலையையும் வாங்கிவிடுங்கள்.

ஆக, வருமான வரியில் மிஞ்சுவதை வீட்டு வரி தின்றுவிடும். உங்களுக்கு லாபம் வரிகளில் இல்லை, வீட்டின் விலையில் இருக்கிறது. ஃப்ரீமாண்ட்டில் இதே அளவு வீட்டுக்கு எவ்வளவு தவணை கட்டுவீர்களோ அதோடு ஒப்பிடுங்கள். வீடே வாங்கப்போவதில்லை என்றால் கணக்கு இன்னும் சுலபம், மிச்சம் நிச்சயம்.

கேள்வி (சான் ஹோசே): 2010-ல் வாங்கிய வீடு. 2021-ல் 3 சதவீதத்துக்கும் குறைவாகக் கடனை மாற்றிக்கொண்டோம். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். விற்றுவிட்டு வரலாமா?

பதில்: உங்கள் இடத்தில் நான் இருந்தால் அவசரப்பட மாட்டேன். கலிபோர்னியாவில் 1978-ல் வந்த 13-ஆம் முன்மொழிவு என்ற சட்டத்தால், வாங்கிய விலையின் மேல் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் வரிக்கான மதிப்பை ஏற்ற முடியாது. நீங்கள் இன்னும் 2010 விலையை அடிப்படையாக வைத்தே வரி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே சொந்தக் குடியிருப்புக்கே வருடம் 10 சதவீதம் வரை ஏறலாம். அந்தக் கடன் விகிதமும் இனிக் கிடைக்காது. விற்றால் லாபத்தில் தம்பதிக்கு 5 லட்சம் வரைதான் மத்திய வரி விலக்கு, அதற்கு மேல் போனதற்கு வரி. கலிபோர்னியாவும் தன் பங்கைக் கேட்கும், நீங்கள் டெக்சஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாலும்.

65 வயதானால் இங்கே பள்ளி வரிக்கு உச்சவரம்பு கிடைக்கும், கழிவும் 2 லட்சமாகும். ஓய்வுபெறும்போது திரும்ப யோசிக்கலாம். அதற்குள் மனசு கேட்கவில்லை என்றால், அங்கே வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே வாடகைக்கு வந்து பாருங்கள். 3 வருடத்துக்குள் விற்றுவிட்டால் அந்த 5 லட்சம் விலக்கும் போகாது, கடைசி 5 வருடத்தில் 2 வருடம் அதில் குடியிருந்தால் போதும்.

கேள்வி (சன்னிவேல்): மேலாளர் வாய்வார்த்தையாக "எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்" என்கிறார். எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டுக்கு முதல் படியான பெர்ம் நடந்துகொண்டிருக்கிறது, அடுத்த படியான ஐ-140 மனு இன்னும் போடவில்லை.

பதில்: தம்பி, லாரிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எச்1பியில் வேலை செய்யும் இடம் வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால், தொழிலாளர் துறையிடம் புது எல்சிஏ சான்று எடுத்துத் திருத்த மனுவைப் போட்ட பிறகுதான் அங்கிருந்து வேலை தொடங்கலாம். 2015-லிருந்து இது கறாராக இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்தாலும் இதுதான் விதி, அந்த வீட்டு முகவரிதான் வேலை இடம்.

உங்களுக்குப் பெரிய சிக்கல் பெர்ம். அது குறிப்பிட்ட ஊரில் உள்ள வேலைக்காகப் போடுவது. ஊர் மாறினால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து, கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதியும் போச்சு. ஐ-140 ஒப்புதல் கைக்கு வந்துவிட்டால், பிறகு பெர்ம் திரும்பப் போட்டாலும் பழைய முன்னுரிமைத் தேதி உங்களோடு வரும். இந்திய வரிசையில் அந்தத் தேதியின் அருமை உங்களுக்குத் தெரியாததா. அதுவரை பொறுங்கள். ஐ-140 வந்ததும் எச்ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள், கூடவே டெக்சஸுக்கு மாறினால் சம்பளத்தைக் குறைப்பார்களா என்றும் கேளுங்கள். பல நிறுவனங்கள் ஊருக்கு ஒரு சம்பள அட்டவணை வைத்திருக்கின்றன.

கேள்வி (குப்பர்டினோ): எனக்கு ஆர்எஸ்யூ (நிறுவனம் ஒதுக்கி, சில காலம் கழித்துக் கைக்கு வரும் பங்குகள்) நிறைய இருக்கிறது. மாறிய மறுநாளிலிருந்து விழும் பங்குகளுக்குக் கலிபோர்னியா வரி இல்லைதானே?

பதில்: இருக்கிறது. பங்கு கொடுத்த நாளிலிருந்து அது கைக்கு வரும் நாள் வரை எத்தனை வேலை நாட்கள் கலிபோர்னியாவில் வேலை செய்தீர்களோ, அந்த விகிதத்துக்கு அவர்கள் வரி கேட்பார்கள். 2023 ஜனவரியில் கொடுத்த பங்கு 2027 ஜனவரியில் கைக்கு வருகிறது, நீங்கள் 2026 ஜனவரியில் மாறினீர்கள் என்றால், நாலில் மூன்று பங்கு கலிபோர்னியா வருமானம். மாறிய பிறகும் சில வருடங்களுக்கு அங்கே, வெளிமாநிலத்தவருக்கான 540என்ஆர் வரிப் படிவம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். மாறிய பிறகு கொடுக்கப்படும் புதுப் பங்குகளுக்கு, இங்கிருந்தே வேலை செய்கிறவரை, இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): அக்கா, வரி எல்லாம் சரி. மனிதர்கள் எப்படி? நாங்கள் புடவை, பொட்டோடு கடைக்குப் போகிறவர்கள். "அங்கே ஜனங்கள் அன்பானவர்கள்" என்று சிலர், "துப்பாக்கி ஊர், போகாதே" என்று சிலர்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. கடை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வரிசையில் முன்னால் நிற்பவர் உங்கள் குழந்தையின் வயதைக் கேட்பார். குடிவந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரர் குக்கீ தட்டோடு வருவார், சில சமயம் அவருடைய சர்ச்சுக்கு அழைப்போடும் வருவார். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார், அடுத்த கிறிஸ்துமஸுக்கு மறுபடி கூப்பிடுவார்.

அதே நேரம், 2022 ஆகஸ்டில் பிளேனோவில் ஓர் உணவக வாசலில் நம் பெண்கள் நால்வரை ஒரு பெண் "உங்கள் நாட்டுக்குப் போங்கள்" என்று கத்தி அடித்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மறுநாளே கைது செய்தார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு கொஞ்ச நாள், கார் நிறுத்துமிடத்தில் தமிழில் சத்தமாகப் பேசத் தயங்கியவர்கள் எனக்குத் தெரியும். துப்பாக்கியும் உண்மை. 2021-லிருந்து 21 வயதானவர்கள் பெரும்பாலானோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம். சாலையில் யாராவது குறுக்கே புகுந்தால் ஹாரன் அடித்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங், ஆலன், இங்கெல்லாம் நம்மவர்கள் ஏராளம். ஃப்ரிஸ்கோவின் காரியசித்தி அனுமார் கோவிலில் சனிக்கிழமை கார் நிறுத்த இடம் தேட வேண்டும். எடிசன் ஓக் ட்ரீ ரோடு மாதிரி நடந்துபோய்க் கடை பார்க்கிற சுகம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள், எல்லாமே காரில்தான்.

அன்றாடம் உங்கள் பொறுமையைச் சோதிக்கப்போவது குடியிருப்போர் சங்கம். குப்பைத் தொட்டி தெருவிலிருந்து தெரிகிறது, புல் உயரமாக இருக்கிறது என்று படத்தோடு கடிதம் வரும். தோரணம் பற்றி யாராவது கேட்டால் பயப்படாதீர்கள். வாசலில் மதச் சின்னங்கள் வைப்பதைச் சங்கம் தடுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது.

கேள்வி (நேப்பர்வில், இல்லினாய்): கறிவேப்பிலைச் செடியைக் கொண்டுவரலாமா? 8 அடி வளர்ந்துவிட்டது!

பதில்: யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். அது எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பம், அந்த மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சிக்கு அதுவும் இடம் கொடுக்கும். அதனால் மாநிலம் தாண்டிக் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. ஹூஸ்டனில் தரையிலேயே வளரும், டல்லாஸில் தொட்டியில் வைத்துக் குளிருக்கு உள்ளே இழுக்க வேண்டும்.

கேள்வி (சியாட்டில்): வெயில், கரண்ட் கட், இந்த இரண்டும்தான் பயமுறுத்துகிறது.

பதில்: வெயில் நம் ஊர்க்காரர்களை ஒன்றும் செய்யாது. ஜூலை, ஆகஸ்டில் 100 டிகிரிக்கு மேல், வேலூர் வெயில் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செய்வது வீட்டைத்தான். இங்கே களிமண், காய்ந்தால் சுருங்கும், மழையில் உப்பும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் அடித்தளம் அசையும். பழைய வீடு பார்க்கப் போனால் கதவு நிலைகளின் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஓடும் விரிசல் இருக்கிறதா, படுக்கையறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று பாருங்கள். கோடையில் வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு மண்ணுக்குத் தண்ணீர் விடுகிறார்களே, அழகுக்காக இல்லை.

கரண்ட் விஷயத்தில் 2021 பிப்ரவரி மறக்கக்கூடியதில்லை. உறைபனியில் 45 லட்சம் இணைப்புகளுக்கு மேல் இருளில் மூழ்கின, அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். டெக்சஸின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் தனித் தீவு, பக்கத்து மாநிலத்திலிருந்து போதுமான அளவு வாங்க முடியவில்லை. மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்செய்யப் பிறகு சட்டம் வந்தது. இருந்தாலும் கேஸ் அடுப்பு இருக்கும் வீடாகப் பாருங்கள்.

மின்கட்டணத்திலும் ஒரு சூட்சுமம். டல்லாஸ், ஹூஸ்டன் வட்டாரத்தில் பெரும்பாலான ஊர்களில் விற்பனையாளரை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். "யூனிட் 9 சென்ட்" என்று மேலே இருக்கும் திட்டத்தில், 1,000 யூனிட் தொட்டால் 100 டாலர் தள்ளுபடி என்று உள்ளே எழுதியிருக்கும். 990 யூனிட்டில் நின்றால் தள்ளுபடி இல்லை, 1,000 ஓட்டியவரைவிட அதிகம் கட்டுவீர்கள். வசந்த காலத்தில் ஏசி ஓடாத மாதங்களில் இதில் மாட்டுவார்கள். தள்ளுபடி எதுவும் இல்லாத, ஒரே விலைத் திட்டத்தை எடுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): டல்லாஸா, ஹூஸ்டனா, ஆஸ்டினா?

பதில்: வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே. ஹூஸ்டன் பக்கம் பேர்லாண்டில் மீனாட்சி கோவில், சென்னை மாதிரியே புழுக்கம், வீடும் மலிவு. ஆனால் 2017-ல் ஹார்வி, 2024-ல் பெரில் என்று புயல் வந்துகொண்டேயிருக்கும். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது, தனியாக எடுக்க வேண்டும், மத்திய அரசுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலாகும். ஆஸ்டின் அழகு, விலையும் அதற்குத் தகுந்தது.

கேள்வி (பிளசன்டன்): மகள் பத்தாம் வகுப்பு. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகமான யூடி ஆஸ்டினில் சேர்ப்பதற்காகவே மாறலாம் என்று நினைக்கிறோம்.

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். மாநிலப் பள்ளிகளில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் என்பது 1997 சட்டம். யூடி ஆஸ்டின் மட்டும் அதை 6 சதவீதமாக வைத்திருந்தது, 2026 சேர்க்கையிலிருந்து 5 சதவீதம். ஃப்ரிஸ்கோ, கொப்பல் பள்ளிகளில் அந்த 5 சதவீதத்துக்குள் நுழைய எல்லா வீட்டுப் பிள்ளைகளும் முட்டி மோதுகிறார்கள். நுழைந்தாலும் பல்கலைக்கழகத்தில்தான் இடம் உறுதி, கணினி அறிவியலில் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளையின் பழைய மதிப்பெண்களை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதும் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் வேறு. கவுன்சிலரிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி (மில்பிடாஸ்): முடிவே செய்துவிட்டோம், ஜூனில் வருகிறோம். வந்ததும் என்னென்ன?

பதில்: வாழ்த்துகள். காரை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், டல்லாஸ் வட்டாரத்தில் புகைப் பரிசோதனை உண்டு, புதிதாக வருபவருக்குக் காருக்கு 90 டாலர் வரி. ஓட்டுநர் உரிமத்தை 90 நாளுக்குள் மாற்ற வேண்டும். உரிம அலுவலகத்தில் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு, அங்கிருந்தே முன்பதிவு செய்துவிடுங்கள். வீடு வாங்கினால் உரிமத்தில் அதே முகவரி இருந்தால்தான் ஹோம்ஸ்டெட் சலுகை கிடைக்கும். அந்த விண்ணப்பத்துக்கு மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்தில் கட்டணமே கிடையாது, 50 டாலர் அனுப்பு என்று வரும் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அடுத்த வசந்தத்தில் மதிப்பீட்டு நோட்டீஸ் வரும். மே 15-க்குள் ஆட்சேபம் போடலாம், பக்கத்தில் விற்ற வீடுகளின் விலையைக் கொண்டுபோனால் பல சமயம் குறைத்துக் கொடுக்கிறார்கள்.