மாங்கன்றும் லஞ்ச வழக்கும் ஒரே சொல்லா?

வாசகர் கேள்வி – பதில்

(ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றி அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்துவிட்டதால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. சினிமா கேள்விகள் அடுத்த இதழில்.)

ஐயா, எங்கள் அப்பா சந்தூர்ப் பக்கம் மா நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். வெளியூர் வியாபாரிகள் ஒட்டுக்கன்றை 'கிராஃப்ட்' என்றுதான் கேட்பார்கள். காலேஜில் ஆங்கிலப் பேப்பர் படிக்கச் சொல்கிறார்களே என்று திறந்தால், அதிகாரி கைதான செய்திக்கு 'கிராஃப்ட் கேஸ்' என்று தலைப்பு. கன்று கட்டுவதற்கும் காசு வாங்குவதற்கும் எப்படி ஒரே வார்த்தை? அப்பாவிடம் கேட்டால் சிரிக்கிறார்.
— கல்லூரி மாணவி, போச்சம்பள்ளி

சிரிக்காமல் என்ன செய்வார்? எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. ஆனால் அகராதியைப் புரட்டினால் ஒரே கதவிலக்கத்தில் இரண்டு குடும்பம் குடியிருப்பது தெரியும். மாங்கன்றும் லஞ்சமும் பங்காளிகள் இல்லை. சுருக்கமான பதில் இதுதான், ஆனால் விஷயம் இத்தோடு முடியவில்லை.

முதலில் உங்கள் வீட்டுச் சங்கதி. கிரேக்கத்தில் 'கிராஃபெயின்' என்றால் எழுதுவது, 'கிராஃபெயான்' என்றால் எழுத்தாணி. அது லத்தீனில் 'கிராஃபியம்' ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது வெறும் 'கிராஃப்' தான். கடைசியில் உள்ள 'டி' எழுத்து 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது, அதற்கப்புறமும் பழைய உருவம் உடனே போய்விடவில்லை. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், ரோமர் நிருபம் 11-ஆம் அதிகாரத்தில், இரண்டு 'எஃப்' போட்ட பழைய எழுத்துக்கூட்டலே இருக்கிறது. நம் தமிழ் பைபிளில் காட்டொலிவமரம் 'ஒட்டவைக்கப்பட்டு' என்று வரும் இடம் அது.

எழுத்தாணிக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு அகராதி வேண்டாம், அப்பா ஒட்டுக் கட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். இளந்தண்டு ஒட்டு என்றால், கொட்டை போட்டு முளைத்த கன்றின் தலையை வெட்டிவிட்டு, தண்டின் நட்டநடுவில் பிளேடால் கீழ்நோக்கி ஒரு பிளவு போடுவார். பெங்களூராவோ செந்தூராவோ, எந்த ரகம் வேண்டுமோ அந்தத் தாய்மரத்திலிருந்து இலை கிள்ளிய குச்சியை எடுத்து, அது பென்சில் கனம்தான் இருக்கும், அடிமுனையை இரண்டு பக்கமும் சாய்வாகச் சீவி, பிளவுக்குள் இறக்கி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். பட்டைக்கு அடியில் இருக்கும் வளரும் படலம் குச்சியிலும் தண்டிலும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் குச்சி காய்ந்துபோகும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இறக்குவதற்கு முன் அந்தச் சீவிய குச்சியைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஓலையில் எழுதுகிற ஆணி அப்படியேதான் இருக்கும். பெயர் வைத்தவன் கண்ணில் பட்டதும் இதுதான் என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். கணக்கு நோட்டில் போடும் கிராஃப், போட்டோகிராஃப், பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் எல்லாம் உங்கள் ஒட்டுக்கன்றுக்குச் சொந்தக்காரர்கள். பிரெஞ்சில் இன்னும் வேடிக்கை: 'கிரெஃப்' என்ற சொல்லைப் பெண்பாலில் சொன்னால் செடி ஒட்டு, ஆண்பாலில் சொன்னால் நீதிமன்றப் பதிவு அலுவலகம், அங்கே எழுதிக்கொண்டிருப்பவர் 'கிரெஃபியே'.

சரி, லஞ்சத்துக்கு வருவோம். அது மண் தோண்டுகிற குடும்பம். வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் தோண்டுவதைக் குறிக்கும் 'கிரஃப்டர்' என்ற சொல் உண்டு. இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் மண்வாரியை ஒரு குத்துக் குத்தினால் எவ்வளவு ஆழம் இறங்குமோ அந்த அளவு மண்ணுக்கு 'கிராஃப்ட்' என்று பெயர். கல்லறையைக் குறிக்கும் 'கிரேவ்' என்ற சொல்லும் இந்த வகையறாதான். தோண்டுவது என்றால் முதுகு ஒடிகிற வேலை, அதிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 'ஹார்டு கிராஃப்ட்' என்றால் கடும் உழைப்பு என்று பொருள் பரவியதாகச் சொல்வார்கள். கிரிக்கெட் கமென்ட்ரியில் இன்றைக்கும் கேட்கலாம்: பந்து எகிறிக்கொண்டிருக்கும் பிட்சில் ஒருவர் தட்டித் தட்டி, அடி வாங்கி, நாற்பது ரன் எடுத்தால் 'கிராஃப்டட்' என்பார்கள். சிக்ஸர் அடித்து எடுத்த நாற்பதுக்கு அந்த வார்த்தை கிடைக்காது.

உழைப்பு என்ற இந்தப் பொருள் தொழில் என்றும் விரிந்தது. 1860-களில் அமெரிக்காவில் நேர்மையில்லாத வழியில் சம்பாதிப்பதற்கு 'கிராஃப்ட்' என்று பெயர் வந்துவிட்டது. 'உன் தொழில் என்ன' என்று ஒரு ஜேப்படிக்காரன் இன்னொருவனைக் கேட்டால் என்ன பதில் வரும், அதே கணக்குத்தான். அங்கிருந்து அரசியலுக்குப் போக அதிக தூரம் இல்லை. நியூயார்க்கில் டாமனி ஹால் என்ற அரசியல் கும்பலில் ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட் என்று ஒருவர் இருந்தார். 1905-இல் அச்சான தன் பேச்சுகளில், கிராஃப்ட்டில் நேர்மையானது, நேர்மையில்லாதது என்று இரண்டு வகை உண்டு என்று கூச்சமே இல்லாமல் பாடம் எடுத்தார். எங்கே பூங்கா வரப்போகிறது என்று கட்சிக்காரர்கள் மூலம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, சுற்றியுள்ள நிலத்தை வாங்கிப்போட்டு, அறிவிப்பு வந்ததும் நல்ல விலைக்கு விற்பது அவர் கணக்கில் நேர்மையானது! பைபாஸ் எந்தப் பக்கம் வரும் என்று முதலில் தெரிந்தவர்களை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக, லஞ்சத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது வியர்வை சிந்துகிற வேலையைக் குறித்த சொல்லிலிருந்து. சில அகராதிகள் இதையும் ஒட்டுக்கன்றுக் கணக்கிலேயே சேர்த்துவிடுவதுண்டு, ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவதால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு மண்வாரிக் கதைதான் பொருத்தமாகப் படுகிறது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். மாதிரித் தேர்வில் 'அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்தான்' என்பதை 'ஹி கிராஃப்டட் தி ஆபீசர்' என்று மொழிபெயர்த்தேன். சுழித்துவிட்டார்கள். பேப்பரிலேயே வருகிற வார்த்தைதானே?
— தர்மபுரி வாசகர்

சுழித்தவர் செய்தது சரி. நீங்கள் எழுதியதைப் படித்தால் அதிகாரியின் தலையை வெட்டி வேறு ரகக் குச்சியைச் சொருகிய மாதிரி இருக்கிறது. லஞ்சம் என்ற பொருளில் 'கிராஃப்ட்' பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகத்தான் வரும், அதுவும் பதவியை வைத்துச் சம்பாதிப்பதைக் குறிக்கும்; கொடுப்பவன் செயலுக்கு 'பிரைப்' என்று எழுதுங்கள். சட்டத்திலும் இந்தச் சொல் கிடையாது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம், 2018 திருத்தத்துக்குப் பிறகு, 'அண்ட்யூ அட்வான்டேஜ்', அதாவது முறையற்ற ஆதாயம் என்று பேசுகிறது. பத்திரிகைகள் மட்டும் விடமாட்டேன் என்கின்றன, காரணம் இடம்தான்: 'கரப்ஷன்' என்று ஆங்கிலத்தில் அடிக்கப் பத்து எழுத்து வேண்டும், 'கிராஃப்ட்' ஐந்தில் முடிந்துவிடும்.

அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் தாளில் 'சி.ஏ.பி.ஜி' என்று இருக்கிறது. கடைசி 'ஜி' என்ன? மார்பிலிருந்தும் ஒரு ரத்தக்குழாய் எடுத்ததாகச் சொன்னார்கள், பயமாக இருக்கிறது.
— வாசகி, ஓசூர்

'கரோனரி ஆர்ட்டரி பைபாஸ் கிராஃப்ட்' என்பதன் சுருக்கம் அது. கடைசி 'ஜி' நம்ம கிராஃப்ட்தான், மாங்கன்று வகை. தோட்டக்காரன் சொல்லை டாக்டர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். 1869-இல் ரெவெர்டின் என்ற சுவிஸ் மருத்துவர் தோலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி எடுத்துப் புண்மேல் வைத்து ஒட்டவைத்தார். தோல் ஒட்டு சிகிச்சையின் வரலாற்றில் அது முக்கியமான கட்டம்.

பைபாஸில் காலிலிருந்து எடுப்பதை நம்மூரில் 'நரம்பு எடுத்தாங்க' என்பார்கள். அது நரம்பு இல்லை, அசுத்த ரத்தம் போகிற சிரை. அதை முழுசாக வெட்டி எடுத்து, ஒரு முனையை மகாதமனியிலும் மறு முனையை அடைப்பு தாண்டிய இடத்திலும் வைத்துத் தைப்பார்கள். மார்புக் குழாய் விஷயம் வேறு: அதைப் பெரும்பாலும் முழுசாகக் கழற்றுவதில்லை, மேல்முனை இருந்த இடத்திலேயே இருக்க, கீழ்முனையை மட்டும் திருப்பி இதயக் குழாயில் இணைப்பார்கள். மாவில் பழைய நெருக்கு ஒட்டு தெரிந்தவர்களிடம் கேளுங்கள், அங்கேயும் கிளையைத் தாய்மரத்திலிருந்து வெட்டாமலே கன்றோடு சேர்த்துக் கட்டி, பிடித்த பிறகுதான் அறுப்பார்கள். இதயத்தில் அந்தக் கடைசி வெட்டு மட்டும் இல்லை. இந்த மார்புக் குழாய் பல வருஷம் அடைபடாமல் இருப்பதில் கால் சிரையைவிட மேல் என்பதால் டாக்டர்கள் விரும்பி எடுப்பது அதைத்தான், அதனால் பயப்பட வேண்டாம். மார்பு எலும்பு கூடும்வரை அப்பாவைக் குடம் தூக்கவும் வண்டி ஓட்டவும் விடாதீர்கள், எப்போது விடலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பயிற்சி வகுப்பில் 'கிளெஃப்ட் கிராஃப்ட்' என்றார்கள். கிளெஃப்ட் என்றால் பிளவு என்கிறது ஒரு அகராதி, அதன் மூலமான 'கிளீவ்' என்பதற்கு ஒட்டிக்கொள் என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?
— விவசாயி, பர்கூர்

இரண்டையும். பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு 'கிளேயோஃபன்', ஒட்டிக்கொள்வதற்கு 'கிளிஃபியன்' என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன, நாளாவட்டத்தில் தேய்ந்து ஒரே உருவமாகிவிட்டன. ஆங்கில பைபிளில் ஆபிரகாம் கட்டை பிளப்பதும் ரூத் மாமியாரை விடாமல் பற்றிக்கொள்வதும் ஒரே சொல்தான்! பின்னால் 'டு' வந்தால் ஒட்டுவது, வராவிட்டால் பிளப்பது என்று வைத்துக்கொண்டால் அநேகமாகத் தப்பாது. உங்கள் வகுப்பில் சொன்னது பிளவு.

மாங்காய் மண்டிக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறேன். 'கிராஃப்ட் பேப்பர்' என்று பில் போடுகிறார்கள், பள்ளியில் பிள்ளைகளுக்கு 'கிராஃப்ட் கிளாஸ்'. இதெல்லாமும் ஒட்டு வேலையா?
— வியாபாரி, காவேரிப்பட்டணம்

தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும், ஆங்கிலத்தில் முதல் எழுத்தே வேறு. உங்கள் பழுப்புக் காகிதம் 'கே'யில் தொடங்கும். ஜெர்மன் மொழியில் அதற்கு வலு என்று பொருள். 1879-இல் டால் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த கூழ் தயாரிப்பு முறையில் மரநார் அதிகம் சிதையாததால் காகிதம் கிழியாமல் நிற்கும். பிள்ளைகளின் கைவேலை வகுப்பு 'சி'யில் தொடங்கும், அதுவும் இந்த வலுவுக்கு உடன்பிறப்பு, ஆங்கிலத்தில் வலு என்று இருந்தது திறமை என்று மாறி, அப்புறம் கைத்தொழில் ஆனது. பில்லில் 'ஜி' போட்டு அடித்திருந்தால் மாற்றிக் கேளுங்கள், ஆடிட்டர் பார்த்தால் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்.