மேடும் பள்ளமுமான கான்கிரீட் தரையில் லேமினேட் பலகை போடும் முன் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அறை 4 மீட்டருக்கு 3.5 மீட்டர். பழைய கான்கிரீட் தரை. நடுவில் ஒரு மேடு, ஜன்னல் பக்கம் பள்ளம். கோலிக்குண்டை வைத்தால் ஒரு மூலைக்கு ஓடுகிறது. அடியில் விரிக்கும் ஃபோமை இரண்டு அடுக்காகப் போட்டால் போதுமா, இல்லை அறை முழுக்க செல்ஃப் லெவலிங் கலவை (நீர்த்த பதத்தில் ஊற்றித் தரையை மட்டமாக்கும் சிமெண்ட் கலவை) ஊற்றியே ஆக வேண்டுமா?

இரண்டு அடுக்கு ஃபோம் வேண்டவே வேண்டாம். அறை முழுக்க ஊற்றுவதும் பெரும்பாலும் தேவைப்படாது. முதலில் மேட்டைத் தேய்த்து எடுங்கள். அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் பள்ளத்தை மட்டும் நிரப்புங்கள்.

ஃபோமிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதைச் செய்து பார்த்து நொந்தவன் நான். எங்கள் வீட்டில் முதலில் லேமினேட் போட்ட அறையில், கதவை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் பள்ளம். ஆழம் 6 மி.மீ. இருக்கும். நானும் தம்பியும் அந்த இடத்தில் மட்டும் ஃபோமை மடித்துப் போட்டு மேலே பலகையைப் பூட்டிவிட்டோம். முதல் சில வாரம் காலுக்கு மெத்தென்று இருந்தது. இரண்டு மாதத்தில் மிதிக்கும்போதெல்லாம் ‘டக் டக்’ சத்தம். பிறகு இரண்டு பலகைகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பிரித்துப் பார்த்தபோது பூட்டின் விளிம்பு ஒடிந்து கிடந்தது. அந்தப் பலகைகளைத் திரும்பப் பூட்டவே முடியவில்லை.

லேமினேட் பலகையைத் தரையோடு ஒட்டுவதில்லை. பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, முழுத் தளமும் ஒரே தட்டாகக் கான்கிரீட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பலகையின் உடல் மரநாரை அழுத்திச் செய்த எச்.டி.எஃப். அட்டை. பூட்டின் நாக்கும் பள்ளமும் அதே அட்டையில் வெட்டியவைதான், சில மில்லிமீட்டர் தடிமன்தான். பள்ளத்தின் மேல் வந்து விழும் பூட்டு ஒவ்வொரு காலடிக்கும் கீழே வளைந்து மேலே எழும்புகிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதேதான் அங்கே மெதுவாக நடக்கிறது. ஃபோமின் தடிமன் கூடக்கூட அது அமுங்குவதும் கூடும், பூட்டு வளைவதும் கூடும். அதனால்தான் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம், அதுவும் ஒரே அடுக்கு என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஃபோம் சத்தத்தைக் குறைக்கும், மணல் பரு போன்ற சின்னச் சொரசொரப்பை வாங்கிக்கொள்ளும். பள்ளத்தை நிரப்ப அதனால் ஆகாது.

இனி அந்தக் கோலிக்குண்டு. அதை நீங்கள் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மட்டம் வேறு, சமம் வேறு. எந்தப் பக்கமும் தண்ணீர் ஓடாத தரை மட்டமான தரை. மேடு பள்ளம் இல்லாத தரை சமமான தரை. சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடி மட்டமாக இல்லை, ஆனால் முழுக்கச் சமமாக இருக்கிறது. லேமினேட்டுக்கு வேண்டியது சமம்தான். அறை மொத்தமும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பலகைக்கு ஒன்றும் ஆகாது. பரவலாகச் சொல்லப்படும் அளவு 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ. வரை ஏற்ற இறக்கம், அல்லது 3 மீட்டருக்கு 5 மி.மீ. நீங்கள் வாங்கும் பலகையின் பெட்டிக்குள் இருக்கும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் அறை முழுக்க ஊற்றுகிறார்கள். செல்ஃப் லெவலிங் கலவை மட்டத்தைத் தேடி ஓடும். 4 மீட்டர் நீள அறை 20 மி.மீ. சாய்ந்திருந்தால், தாழ்ந்த பக்கம் 20 மி.மீ. நிரம்பிய பிறகுதான் உயர்ந்த பக்கம் மூடும். சராசரி ஆழம் 10 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. ஏற்ற ஏறக்குறைய 1.7 கிலோ பவுடர் வேண்டும். உங்கள் 14 சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 240 கிலோ பக்கம் வருகிறது. பலகைக்குத் தேவையே இல்லாத ஒரு சாய்வைச் சரிசெய்ய இவ்வளவு எடையைத் தரையில் ஏற்ற வேண்டாம்.

அளப்பதற்கு 2 மீட்டர் நீள அலுமினிய மட்டக்கோல் போதும். ரசமட்டத்தின் குமிழியை இந்த வேலைக்குப் பார்க்கவே வேண்டாம், கோலுக்கு அடியில் தெரியும் சந்துதான் கணக்கு. முதலில் கோல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் வைத்து அதன் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டு, முனைகளை இடம் மாற்றி, அதே விளிம்பால் இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கோல் நேர். பிறகு தரையைப் பெருக்கி, கோலை நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகக் கோலின் பின்னால் வைத்துப் பார்த்தால் சந்து பளிச்சென்று தெரியும். கோல் ஊசலாடினால் அதன் நடுவில் மேடு. இரு முனையும் தரையில் பட்டு நடுவில் வெளிச்சம் வந்தால் பள்ளம். சுண்ணாம்புக் கட்டியால் மேட்டைச் சுற்றி வட்டம் போடுங்கள், பள்ளத்தில் சாய்கோடுகள் போட்டு ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதிவிடுங்கள். இதற்கு ஒரு மாலை முழுக்கப் போகும். போகட்டும், அவசரப்படாதீர்கள். இந்த வேலையில் நான் அதிகம் நம்புவது அந்தச் சுண்ணாம்புக் கோடுகளைத்தான்.

தேய்ப்பதற்கு முன் ஈரத்தையும் பார்த்துவிடுங்கள். அரை மீட்டர் சதுர பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிட்டு எடுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். நீர் கோக்கவில்லை என்பதால் உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் இது ரொம்ப முக்கியம். மேல் 5 செ.மீ. வரை நாளுக்கு 1 மி.மீ. காயும் என்பது பொதுக் கணக்கு, அதற்குக் கீழே இன்னும் மெதுவாகத்தான் காயும். சந்தேகம் இருந்தால் தரையில் துளையிட்டு ஈரப்பதம் அளக்கும் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். குழாய்க் கசிவோ வெளிச்சுவர் வழியாக வரும் தண்ணீரோ காரணமாக இருந்தால் அதை நிறுத்தாமல் மேற்கொண்டு போகவே கூடாது. எச்.டி.எஃப். ஈரம் குடித்தால் ஓரங்கள் ஊதிவிடும், ஊதிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது.

இப்போது மேடு. என் இரண்டாவது அறைக்கு உதவிக்கு வந்த வயதான கொத்தனார் ஒருவர் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேட்டை விட்டுட்டுப் பள்ளத்தை நிரப்புனா, வீட்டையே உசத்தணும் தம்பி.” யோசித்துப் பாருங்கள். நடுவில் 5 மி.மீ. மேடு இருக்கிறது என்றால், அதை விட்டுவைத்துச் சமமாக்க, மீதித் தரை முழுவதையும் அந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டும். அந்த மேட்டையே 3, 4 மி.மீ. தேய்த்துவிட்டால் சுற்றியிருக்கும் ‘பள்ளங்களில்’ பாதி அப்படியே மறைந்துபோகும், ஏனென்றால் மேட்டோடு ஒப்பிடும்போது மட்டும்தான் அவை பள்ளம். அன்று அவர் சொன்னபடி அரை மணி நேரம் தேய்த்ததில், நான் சாய்கோடு போட்டு வைத்திருந்த ஐந்து இடங்களில் மூன்றை அழித்துவிட்டோம்.

தேய்க்க 5 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் (வைரத்துகள் பதித்த கிண்ண வடிவத் தேய்ப்புச் சக்கரம்) மாட்ட வேண்டும். கூடவே தூசியை இழுக்கும் மூடி, அதோடு இணைத்த தொழிற்சாலை வகை வேக்குவம். இந்த மூடியும் வேக்குவமும் இல்லாமல் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். கான்கிரீட் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும், வந்தால் அதைக் குணப்படுத்த வழியில்லை. துணியைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் N95 அல்லது அதைவிடக் கூடுதல் பாதுகாப்புள்ள முகமூடி, கண்ணாடி, காதுக்கு அடைப்பு மூன்றும் வேண்டும். குழந்தைகளையும் பெரியவர்களையும் அன்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தரைக்குள் வெந்நீர்க் குழாயோ மின்குழாயோ மேலாக ஓடுகிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய ஓடுகளைப் பெயர்த்த இடத்தில் கறுப்புப் பசை ஒட்டியிருந்தால் அதைத் தேய்க்கவே வேண்டாம். பழைய பசைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் தொட வேண்டும்.

மேட்டின் மேல் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்ப்பேன். கிறுக்கல் எங்கே அழிகிறதோ அங்கே சக்கரம் பட்டிருக்கிறது என்று தெரியும். ஒரே இடத்தில் நிறுத்தினால் மேடு போய்ப் புதிதாகக் குழி விழும், வட்டம் வட்டமாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டக்கோலை வைத்துப் பாருங்கள்.

மறுபடி முழு அறையையும் அளந்து, இன்னும் அளவுக்கு மேல் இருக்கும் பள்ளங்களுக்கு மட்டும் சிமெண்ட் சார்ந்த தரை நிரப்புக் கலவை வாங்குங்கள். வீட்டில் இருக்கும் சாதாரண சிமெண்டையும் மணலையும் குழைத்துப் பூசிவிடலாம் என்று தோன்றும். 3 மி.மீ. தடிமனில் அது நிற்காது, காய்ந்ததும் வெடித்துப் பொருக்காக உதிர்ந்துவிடும். மெல்லியதாகப் பிடிப்பதற்கென்றே பாலிமர் சேர்த்துச் செய்த கலவைதான் வேண்டும்.

பள்ளத்தில் பெயிண்ட், ஜிப்சம் சிதறல், எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருக்கக் கூடாது. சுத்தம் செய்து சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் தரை தாகத்தோடு இருக்கிறது. பிரைமர் அடிக்காமல் கலவையைப் போட்டால் அதிலிருக்கும் நீரைத் தரை இழுத்துக்கொள்ளும், கலவை வலுவிழந்து குமிழி குமிழியாகக் காயும். தண்ணீர் முத்தாகவே நின்றால் தரையில் ஏதோ பூச்சு இருக்கிறது, அதை எடுத்துவிட வேண்டும், அல்லது வழவழப்பான தரைக்கென்று விற்கும் பிரைமரை அடிக்க வேண்டும். கலவையைப் பள்ளத்தில் கொட்டி, மட்டக்கோலின் இரு முனையும் பள்ளத்துக்கு வெளியே நல்ல தரையில் தாங்கும்படி வைத்து மெதுவாக இழுங்கள். மிஞ்சியது கோலோடு வந்துவிடும், பள்ளம் சுற்றியிருக்கும் தரையோடு ஒன்றிவிடும். தரையின் சாய்வும் அப்படியே இருக்கும். ஊற்றும் கலவையால் முடியாதது இதுதான்.

பள்ளம் பாதி அறைக்கும் மேல் பரவியிருந்து, சாய்வும் குறைவாக இருந்தால் மட்டும் ஊற்றுவதை யோசியுங்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கலக்க, ஒருவர் பரப்ப. கலவை கையில் நிற்கும் நேரம் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம்தான். தண்ணீரை மூட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு குவளைகூட விடாதீர்கள். நன்றாக ஓடட்டும் என்று கூடுதலாக விட்டால் மேல்பரப்பு சுண்ணாம்பு மாதிரிப் பொடிந்துவிடும். கதவடியில் கட்டை வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். பெயர் எப்படி இருந்தாலும் கலவை தானாக எல்லா இடத்துக்கும் போகாது. கரண்டியாலோ பல் வைத்த தள்ளுகோலாலோ தள்ளிவிட்டு, முள் உருளையால் ஒருமுறை உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

மயிரிழை விரிசல்களை நிரப்பிவிடலாம். விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிட உயர்ந்திருந்தாலோ, அகலம் கூடிக்கொண்டே போனாலோ தளமே நகர்கிறது. அதைக் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டுங்கள். கான்கிரீட் விரியவும் சுருங்கவும் இடம் கொடுத்துக் கட்டும்போதே விட்ட விரிவாக்க இணைப்புகளைக் கெட்டியான கலவையால் அடைக்காதீர்கள்.

எல்லாம் காய்ந்த பிறகு (எத்தனை நாள் என்பது கலவையையும் தடிமனையும் பொறுத்தது, மூட்டையில் இருக்கும்) நன்றாக வேக்குவம் அடித்து, 0.2 மி.மீ. பாலித்தீன் ஷீட்டை விரியுங்கள். ஒரு ஷீட்டின் மேல் அடுத்தது 20 செ.மீ. ஏறியிருக்கட்டும், இணைப்பில் டேப் ஒட்டி, சுவரோரம் கொஞ்சம் மேலே ஏற்றிவிடுங்கள். நீராவித் தடுப்பு சேர்த்தே வரும் ஃபோம் என்றால் தனி ஷீட் வேண்டாம். அதன்மேல் ஒரே அடுக்கு ஃபோம், பிறகு பலகை. பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் படுக்கவைத்திருங்கள். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

கதவையும் மறக்காதீர்கள். பலகையும் ஃபோமும் சேர்ந்து 10 முதல் 15 மி.மீ. உயரும். ஒரு துண்டுப் பலகையை ஃபோம் மேல் வைத்து, கதவை அதன்மேல் திறந்து மூடிப் பாருங்கள். உரசினால் பலகை போடும் முன்பே கதவின் அடியை இழைத்துவிடுங்கள். கதவைத் தாண்டிய அடுத்த தரை எவ்வளவு தாழ்ந்து நிற்கப்போகிறது என்பதும் அந்தத் துண்டை வைத்தாலே தெரிந்துவிடும். இரண்டு தரையையும் இணைக்கும் வாசல்பட்டியை எந்த உயரத்துக்கு வாங்க வேண்டும் என்று அப்போதே குறித்துக்கொள்ளலாம்.