வேர்ஜீனியாவில் ஏறும் மின்விலை கொக்குவில் பில்லிலும் ஏறுமா?

கேள்வி: அமெரிக்காவில், வேர்ஜீனியாவில் இருக்கிற மருமகன், செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகள் நிறைந்த தரவு மையங்களால் தங்கட கறண்ட் பில் ஏறிவிட்டது என்கிறார். எங்களுக்கும் போன மாதம் திடீரென்று கூடிவிட்டது. பிள்ளைகள் போனில் செயற்கை நுண்ணறிவு பாவிப்பதுதான் காரணமோ?
— கொக்குவில் வாசகர்

பதில்: மருமகன் சொல்வது சரி. உங்கள் பில்லுக்குக் காரணம் வேறு.

மின்சாரச் செலவு ஒரே வலையமைப்பில் இருப்பவர்களின் தலையில்தான் விழும். வேர்ஜீனியா, பிஜேஎம் என்ற வலையமைப்பில் இருக்கிறது. சுன்னாகத்து உத்துரு ஜனனி மின்நிலையத்தின் முழுக் கொள்ளளவே 24 மெகாவோட். வேர்ஜீனியாவிலோ பெரிய தரவு மையம் ஒன்றே 100 மெகாவோட்டுக்கு மேல் கேட்கும், அதுவும் இரவு பகலாக. மையத்தைச் சீக்கிரம் கட்டிவிடலாம். மின்நிலையமும் உயரழுத்தக் கம்பியும் வர வருடக்கணக்காகும். அதனால் இருக்கிற மின்நிலையங்களுக்குக் கிராக்கி. தேவையான நேரத்தில் மின்சாரம் தரத் தயாராய் நிற்பதற்காக அவற்றுக்குக் கொடுக்கும் விலை, பிஜேஎம்மின் பெரும்பகுதியில் மெகாவோட்டுக்கு நாளொன்றுக்கு, 2024-25க்கு 28.92 டொலர், 2025-26க்கு 269.92 டொலர். அந்தச் செலவு வீட்டு பில்லிலும் வந்து சேர்கிறது.

இலங்கையின் வலையமைப்போ தனித்தது. பக்கத்து இந்தியாவுக்கே இன்னும் மின்கம்பி இழுபடவில்லை. பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கான மின்சாரம் வெளிநாட்டில் செலவாகிறது. உங்கள் மீற்றரில் ஏறுவது போன் சார்ஜும் ரவுட்டரும்தான். 10 வோட் ரவுட்டர் 24 மணிநேரமும் எரிந்தால் மாதம் 7 அலகு.

அந்த 7 அலகை லேசாக நினைக்காதீர்கள். வீட்டுப் பாவனை 30 நாளில் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு அட்டவணை. நிலையான கட்டணமும் கூடும். 57இல் நின்ற வீடு 64க்குப் போனால் பில் பாய்வது இதனால்தான். பில்லில் நாட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள்: 33 நாளுக்கு வாசித்திருந்தால் எல்லை 66 அலகு.

அடுத்தது தண்ணி மோட்டர். 1 குதிரைவலு மோட்டர் மணிக்கு ஏறக்குறைய 1 அலகு இழுக்கும். கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வ் கசிந்தால் குழாயில் தண்ணி நிற்காது. ஒவ்வொரு முறையும் மோட்டர் வெறுமனே ஓடித்தான் தண்ணி ஏறும். தாங்கி நிரம்ப முன்னர் 20 நிமிடம் எடுத்தது இப்போது 35 எடுத்தால் முதலில் வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

பிரிஜ், ரவுட்டர் உட்பட எல்லாப் பிளக்கையும் கழற்றி, லைட்டையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு மீற்றரைக் கவனியுங்கள். சிவப்பு வெளிச்சம் தொடர்ந்து மினுங்கினால், அல்லது பழைய மீற்றரில் தட்டுச் சுற்றினால், எங்கோ மின் ஒழுக்கு. வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்.

இலங்கையில் பெரிய தரவு மையம் வந்தால் கதை மாறும். கட்டணம் நாடு முழுக்க ஒன்றென்பதால், கொழும்பில் கட்டினாலும் கொக்குவிலைத் தொடும். சூரிய மின்சாரம் மிஞ்சும் மதியத்தில் அது எடுப்பது நல்லதே. சிக்கல் எண்ணெயில் ஓடும் நிலையங்களையும் இயக்க வேண்டிவரும் மாலை 6.30 முதல் 10.30 வரைதான். அந்த நேரத்துக்கு யார் பணம் கட்டுவது, புதிய கம்பிக்கும் மின்மாற்றிக்கும் யார் செலவழிப்பது என்பதைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டண மாற்றத்துக்கு முன் கருத்துக் கேட்கும்போது எழுத்தில் கேட்கலாம்.