பந்தி, ஏலம், திருவிருந்து: சபைக் கேள்விகள் சில

அண்ணாச்சி, ஸ்தோத்திரம். ஒவ்வொரு ஜனவரியும் வேதாகமத்தை ஆதியாகமத்தில் இருந்து தொடங்குகிறேன். லேவியராகமம் வந்ததும் நின்றுவிடுகிறது. என்ன செய்ய? (சுரண்டை, ஒரு சகோதரி)

கணக்கு எளிது, தங்கச்சி. மொத்தம் 1189 அதிகாரம். வார நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23, வருஷத்துக்குள் முடிந்துவிடும். இந்த வேகத்தில் போனால் ஜனவரி கடைசி வாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கில் நிற்பீர்கள். யாத்திராகமம் 25 முதல் 31 வரை கட்டளை, 35 முதல் 40 வரை அதே கட்டளையின் நிறைவேற்றம். அதைத் தாண்டியதும் லேவியராகமத்தின் பலிமுறைகள். பாதிப் பேர் நிற்பது அங்கேதான்.

முதல் தடவை வாசிப்பவர் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். முதலில் மாற்கு, 16 அதிகாரமும், பிறகு லூக்கா, அதன் தொடர்ச்சியாக அப்போஸ்தலர் நடபடிகள். அதற்குப் பின் ஆதியாகமம், யாத்திராகமம் 20 வரை. லேவியராகமத்தில் முதல் சுற்றுக்கு 16, 19 இரண்டு அதிகாரம் போதும். பாவநிவிர்த்தி நாளைச் சொல்லும் 16 தெரியாமல் எபிரெயர் 9 விளங்காது. 19 நம் ஊருக்கே எழுதினது போல இருக்கும்: அறுப்பில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு, கூலியை விடியற்காலம் வரை வைத்துக்கொள்ளாதே, படிக்கல்லில் பொய் வேண்டாம். "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்று இயேசு எடுத்துச் சொன்னதும் அந்த அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தைத்தான்.

லேவியராகமம் 12:8-ஐயும் பார்த்துவிடுங்கள். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாத தாய் இரண்டு புறா கொண்டுவரலாம் என்று இருக்கும். லூக்கா 2:24-இல் மரியாளும் யோசேப்பும் கொண்டுபோனது எது என்று அப்போது புரியும்.

புதிய மொழிபெயர்ப்பு ஒன்றில் அப்போஸ்தலர் 8:37 இல்லை. வசனத்தை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்களா? (நல்லூர், ஒரு தம்பி)

இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டு வசன எண்களை 1551-இல் ஸ்தெபானுஸ் என்ற அச்சகத்தார் தம் பதிப்பில் போட்டார். அவர் கையில் இருந்த பிரதிகள் பெரும்பாலும் பிற்காலத்தவை. அவற்றைவிடப் பழைய பிரதிகளில் இந்த வசனம் இல்லை. எண்ணை மாற்றினால் உலகம் முழுக்கக் குழப்பம் வரும் என்பதால், புதிய மொழிபெயர்ப்புகள் எண்ணைத் தாண்டிப் போய் வசனத்தை அடிக்குறிப்பில் கொடுக்கின்றன. யோவான் 5:4-க்கும் இதே காரணம். 8:37 சொல்வது விசுவாச அறிக்கை; அந்தப் போதனை எதுவும் குறைந்துவிடவில்லை, இயேசுவை ஆண்டவர் என்று வாயினால் அறிக்கைசெய்யச் சொல்லும் ரோமர் 10:9 அங்கேயே இருக்கிறது. இதை வைத்து வாட்ஸப்பில் சண்டை வளர்ப்பது வீண்.

தம்பியோடு வரப்புத் தகராறு. மூன்று வருஷமாக நான் திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் ரசமும்) எடுக்கவில்லை. "அபாத்திரமாய்" (தகுதியில்லாமல்) எடுத்தால் ஆக்கினை (தண்டனை) என்று பயம். (இடையன்குடிப் பக்கம்)

பயப்படுவது நல்லதுதான், ஆனால் அந்தப் பகுதியை முழுக்க வாசியுங்கள். 1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதித்தறிந்து விலகி இரு என்று சொல்லவில்லை, சோதித்தறிந்து புசி என்கிறது. கொரிந்துவில் நடந்த குற்றம் 21, 22-இல் இருக்கிறது: வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டான், இல்லாதவன் பசியோடு நின்றான். பவுல் சொல்லும் தீர்வு 33-ஆம் வசனம், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. பாவமில்லாதவர்தான் வரவேண்டும் என்றால் பீடத்தண்டை ஒருவரும் முழங்காலிட முடியாது.

ஆனால் தம்பி விஷயத்தைத் தள்ளிப்போடவும் இதைச் சாக்காக்க வேண்டாம். மத்தேயு 5:23 சொல்வது உங்களுக்கு அவர்மேல் உள்ள குறையை அல்ல, அவருக்கு உங்கள்மேல் உள்ள குறையை. ஆகவே போகவேண்டியவர் நீங்கள்.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின வாரமே போங்கள், சனிக்கிழமை இரவு வேண்டாம். அவசரமாக முடிக்கப் பார்ப்பீர்கள். மத்தேயு 18:15 சொல்கிறபடி தனியாகப் போங்கள். ஊர்ப் பெரியவரையோ ஐயரவாளையோ (சபைப் போதகரையோ) முதல் தடவையே கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்தாகிவிடும். நிலத்தைப் பேசாதீர்கள், உங்கள் வாயிலிருந்து வந்த சொல்லை மட்டும் பேசுங்கள். "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்று சொல்லி நிறுத்துங்கள். "ஆனா நீயும்..." என்று தொடங்கினால் கேட்ட மன்னிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போகும். "மனசு புண்பட்டிருந்தா" என்பதும் மன்னிப்பு இல்லை. புண்பட்டது தெரிந்துதானே போகிறீர்கள்.

வரப்பு சர்வேயர் அளக்க வேண்டிய காரியம், அது தன் வழியில் நடக்கட்டும். தம்பி கதவைச் சாத்தினாலும் ரோமர் 12:18 "உங்களாலானமட்டும்" என்றுதான் கேட்கிறது. ஐயரவாளிடம் சொல்லிவிட்டு, வரும் ஞாயிறு எடுங்கள்.

எங்கள் ஊர் அசனத்தில் (சபையின் பொது விருந்தில்) கமிட்டிக்காரர்களுக்கும் வெளியூர்ப் பிரமுகர்களுக்கும் மேஜை, மற்றவர்களுக்குத் தரை. கேட்டால் மரியாதை என்கிறார்கள். (மெஞ்ஞானபுரம் பக்கம்)

யாக்கோபு 2:2-4 இதே காட்சிதான்: நல்ல உடுப்புக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்கு "அங்கே நில்". அசனத்தின் பொருளே ஒரே பந்தி. அதில் மேஜை போட்டுப் பிரித்தால் மிஞ்சுவது சாப்பாடு மட்டும். 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், நம் வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா மிஷனரிமாரைப் பார்த்து, இத்தனையும் கொடுத்தீர்கள், நண்பர்களையும் கொடுங்கள் என்ற பொருளில் பேசினார். வெள்ளைக்காரரிடம் கேட்டதை நாம் நமக்குள் கொடுக்கிறோமா?

மேஜையே கூடாது என்று வாதாட வேண்டாம், தோற்றுப்போவீர்கள். மேஜை முழங்கால் வலிக்காரருக்கும் வயசாளிகளுக்கும் என்று விதியை மாற்றச் சொல்லுங்கள். அதை அதே பந்தலில், அதே வரிசையின் ஓரத்தில், அதே வாளியில் இருந்து பரிமாறும்படி போடவேண்டும்.

முதல் பந்தி விதவைகள், முதியோர், பிள்ளைகளோடு வந்த தாய்மார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு அதற்கும் முன்னே தூக்குவாளியில் போகவேண்டும். கமிட்டியும் சமையல்காரரும் கடைசிப் பந்தி. இதில் தாழ்மையோடு ஒரு நிர்வாக லாபமும் உண்டு: கடைசியில் சாப்பிடப்போகிறவன் கறி தீர விடமாட்டான். எல்லா ஊரிலும் கெடுவது அங்கேதான். முதல் பந்தியில் கறியை அள்ளி வீசிவிட்டு, கடைசிப் பந்திக்கு எலும்பும் குழம்பும். 100 பேருக்கு 12 முதல் 14 கிலோ அரிசி என்று போட்டு, கறிக்கு ஒரே அளவுக் கரண்டி வையுங்கள். ஒரு அண்டாவைக் கடைசிப் பந்திவரை திறக்கக்கூடாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தால், கடைசிப் பந்தி எழுந்தபிறகே பாத்திரத்தை வாங்குங்கள்.

ஃபேன், டியூப்லைட்டில் "உபயம்" என்று பெயர் எழுதுவது சரியா?

வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3 போதும். டியூப்லைட்டில் பெயர் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவதைத்தான் பார்க்கிறோமே! ஆனால் ரசீது வேறு விஷயம். "பெயர் வேண்டாம், ரசீதும் வேண்டாம்" என்று பணத்தைக் கையில் திணிப்பது தாழ்மை ஆகாது, பொருளாளரைச் சந்தேகத்துக்கு ஆளாக்குவது. 2 கொரிந்தியர் 8:20, 21-இல் பவுலே காணிக்கைப் பணத்தைத் தனியாகத் தொடாமல், குறை சொல்ல இடமில்லாதபடி ஆள் அனுப்பி வைக்கிறார்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலமும் இப்படித்தான். ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் போட்டியில் ஆயிரங்களுக்கு ஏற்றி எடுத்துவிட்டு, பாக்கியை அடுத்த பண்டிகைவரை இழுப்பவர்கள் எல்லாச் சேகரத்திலும் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளில்) உண்டு. கேட்ட தொகையை அன்றைக்கே கட்டும் அளவுக்குக் கேளுங்கள்.

கல்யாண ஓலை (சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எப்போது கொடுக்க வேண்டும்?

மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை சபையிலும் பெண் சபையிலும். ஆகவே குறைந்தது ஒன்றரை மாதம் முன்னே ஐயரவாளைப் பாருங்கள். ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்று வேறு சேகரத்தில் இருந்து வரவேண்டுமானால் அதற்குத் தனி நாள் ஆகும். பத்திரிகை அடித்தபிறகு வந்து அவசரப்படுத்தாதீர்கள்.

ஆராதனையில் பாடம் வாசிக்கச் சொல்கிறார்கள். எனக்கு என்ன தகுதி என்று மறுத்துவிட்டேன். இது தாழ்மைதானே? (டோனாவூர், ஒரு தங்கை)

யாத்திராகமம் 4-ஐப் பாருங்கள். மோசே திக்குவாயன் என்று சொன்னபோது கர்த்தர் பொறுமையாகப் பதில் சொன்னார். வேறு யாரையாவது அனுப்பும் என்றபோதுதான் கோபம் மூண்டது. ரோமர் 12:3 மிஞ்சி எண்ணாதே என்கிறது, எண்ணவே எண்ணாதே என்று சொல்லவில்லை. வாசிக்கத் தெரியும் என்றால் வாசியுங்கள்.

பகுதியை வியாழக்கிழமையே கேட்டு வாங்கி, சத்தமாக மூன்று தடவை வாசித்துப் பாருங்கள். நெகேமியா போலப் பெயர்கள் நிறைந்த இடமானால் பென்சிலால் பிரித்துக் குறியுங்கள். புத்தகம், அதிகாரம், வசனம் சொன்னபிறகு பக்கம் திருப்பும் சத்தம் அடங்கும்வரை பொறுங்கள். மைக் வாயில் இருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். முடித்ததும் விளக்கம் சேர்க்காமல் இறங்கிவிடுங்கள், பிரசங்கம் பின்னால் வருகிறது.