பிக்குகள் அரசியலுக்கு வரத் தடை போட்டால் இனப்பிரச்சினை தீருமா?

தீராது. பிக்குகள் தேர்தலில் நிற்பதை இலங்கையில் சட்டத்தால் தடுக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். 2004இல் ஜாதிக ஹெல உறுமய என்ற சிங்கள பௌத்தக் கட்சி பிக்குகளை நிறுத்தி 9 ஆசனங்களை வென்றதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்திருக்க வேண்டும். ஆனால் 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா - செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நாடாளுமன்றத்தில் ஒரு பிக்குகூட இல்லை. மறு ஆண்டு ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டுக்கு முன்னால் போய் அமர்ந்தே அதைக் கிழிக்க வைத்தார்கள். மியன்மாரில் பிக்குகளுக்கு வாக்குரிமையே இல்லை. 2007இல் இராணுவ ஆட்சியை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

எல்லாப் பிக்குகளையும் ஒரே கண்ணால் பார்க்க என்னால் முடியவில்லை. 2022 மே 18 அன்று கொழும்பில், காலிமுகத்திடல் போராட்டக் களத்தில், 2009இல் போரின் இறுதியில் இறந்த தமிழர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. அங்கே சிக்கியிருந்த மக்கள் குடித்த கஞ்சியை நினைவாகக் கொடுத்த இடத்தில் நானும் நின்றேன். வயதான பிக்கு ஒருவர் குடையைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, சிரட்டையை இரண்டு கைகளாலும் வாங்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு, “இதை மட்டுமா குடித்தார்கள்?” என்று சிங்களத்தில் கேட்டார். “இதுவும் கிடைக்காத நாட்கள் இருந்தன, ஹாமதுருவே. என் அக்கா அங்கே கஞ்சி வரிசையில் நின்றவர்” என்றேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அக்காவின் பெயரைக் கேட்டார், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். படம் எடுக்க நெருங்கிய ஓர் இளைஞனைக் கையசைத்து விலக்கிவிட்டு, சிரட்டையில் இருந்ததை முழுவதும் குடித்தார்.

ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாயா என்று கேட்க ஆட்கள் வருவார்கள். மன்னிக்கவில்லை. காவி உடுத்த ஒருவர் தமிழரைத் தூற்றும்போது பொலிஸார் கைகட்டி நின்றதைப் பார்த்துக் கொதித்தவன்தான் நானும். அங்கேதான் சட்டம் வேண்டும். இன, மத வெறுப்பைத் தூண்டுவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டப்படி குற்றம், அது பிக்குவையும் தொட வேண்டும். பொதுத்தடை போட்டால் மாதுளுவாவே சோபித தேரர் போன்றவர்களின் வாயும் அடைபடும். 1987இல் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்தவர்தான் அவர். பின்னாளில் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்து, 2015 ஆட்சி மாற்றத்துக்கு வழி திறந்தார்.

இருக்கிற சட்டத்தை நடைமுறைப்படுத்தினாலே பாதி தீரும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987இல். போன மாதம் ஓர் அரச அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் ஒரு வரிகூடத் தமிழ் இல்லை. தமிழில் தாருங்கள் என்று எழுதினேன். அதற்கும் சிங்களத்தில்தான் பதில் வந்தது. இதற்கு எந்தப் பிக்குவும் காரணம் இல்லை.