பத்து நிமிடம் கழித்து விழிக்கும் டிவி

கேள்வி: எங்கள் 32 இஞ்ச் எல்.இ.டி. டிவிக்கு ஏழு வயது. காலையில் சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, உள்ளே ‘டிக் டிக்’ சத்தம். பத்து நிமிடம் கழித்துத்தான் படம் வருகிறது. மார்கழியில் அரை மணி நேரம் ஆனது. போர்டையே மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். எனக்கு சால்டரிங் ஓரளவு வரும். நானே பார்க்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மார்கழி என்றீர்களே, பாதி நோயை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பவர் சப்ளை போர்டில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சின்ன உருளைகள் இருக்கும், அவைதான் கண்டன்சர்கள் (கெப்பாசிட்டர்). அவற்றுக்குள் ஒரு திரவம் உண்டு. வருடக்கணக்கில் சூடுபட்டு அது காய்ந்துபோகும், உள்தடை ஏறும். குளிரில் இன்னும் ஏறும். கொஞ்சம் சூடானதும் தடை இறங்கி, டிவியின் மெயின் போர்டுக்குப் போகும் 5 வோல்ட் நிலையாக நிற்கும், டிவியும் விழித்துக்கொள்ளும்.

மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே ‘450 வோல்ட்’ என்று எழுதிய குண்டான கண்டன்சர் ஒன்று இருக்கும். 230 வோல்ட் ஏ.சி. டி.சி.யாக மாறி, அதில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். சில போர்டுகளில் 390 வரை போகும். பிளக்கை எடுத்த பிறகும் அது தங்கியிருக்கலாம். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு கால்களுக்கும் இன்சுலேஷன் போட்ட ஒயரைப் பற்றவைத்து, அந்தக் கண்டன்சரின் இரு முனைகளிலும் பத்து விநாடி பிடியுங்கள். அப்புறம் மீட்டர் வைத்து, வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். தொழில் பழகிய நாளில் நான் அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்தேன். வெடி வெடித்த மாதிரி சத்தம். முனையில் ஓர் அரிசியளவு இரும்பைக் காணோம். அந்த ஸ்க்ரூ டிரைவர் இன்னும் இருக்கிறது, பெயின்ட் டப்பா திறக்க.

சரி, இப்போது அந்தக் குண்டுக் கண்டன்சர் இல்லாத பக்கம், டிரான்ஸ்பார்மரைத் தாண்டி நிற்கும் சின்னக் கண்டன்சர்களின் தலையைப் பாருங்கள். கூட்டல் குறி போலக் கீறியிருக்கும். நல்லதென்றால் தட்டையாக இருக்கும். கெட்டது பூரி மாதிரி உப்பியிருக்கும், சிலசமயம் பழுப்பாகக் கசிந்திருக்கும். ஹீட்சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டி நிற்பதை முதலில் பாருங்கள். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் கணக்கு. உப்பாமலே செத்ததும் உண்டு, அதனால் அந்த வரிசை மொத்தத்தையும் மாற்றிவிடுவேன்.

கடையில் அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, ‘லோ ஈ.எஸ்.ஆர்.’ (உள்தடை குறைவானது) என்று கேளுங்கள். வோல்ட் கூடினால் உயரமும் கூடலாம். பின்மூடி மூடுமா என்று பார்த்து வாங்குங்கள். உடம்பில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். பழையதைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். போர்டை மாற்றினால் அவர் தைரியமாக கியாரண்டி கொடுக்கலாம். கை நடுங்கினால், “கண்டன்சர் மட்டும் மாற்றிப் பாருங்களேன்” என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: டிவிக்குள் இருக்கும் ஃப்யூஸ் கருகிவிட்டது. ஒயர் இழை ஒன்றைச் சுற்றிவிட்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். செய்யலாமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: வேண்டவே வேண்டாம். கண்ணாடி கரிபிடித்துக் கருத்திருந்தால் உள்ளே எங்கோ நேர் ஷார்ட். பெரும்பாலும் ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் டையோடு, அல்லது சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் மாஸ்ஃபெட். அதே ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் கொடுத்துத்தான் நாங்கள் சோதிப்போம். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இது 230 வோல்ட் நேராக வரும் மெயின்ஸ் பக்கத்து வேலை, பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சத்தம் வருகிறது, படம் இல்லை. பவர் சப்ளையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அறையை இருட்டாக்கித் திரையில் டார்ச் அடியுங்கள். நிழல் போலப் படம் ஓடுவது தெரிந்தால் கோளாறு பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) பக்கம். அதற்குப் பெரும்பாலும் திரையையே பிரிக்கவேண்டிவரும், வீட்டில் தொடாதீர்கள்.