குண்டு துளைக்காத அங்கி: கெவ்லரா, பாலிஎத்திலீனா, இரும்பா?

கேள்வி: ஹூஸ்டனில் கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த கடை நடத்துகிறேன். ராத்திரி ஒரு மணி வரை கல்லாவில் நான் இருப்பேன், இல்லாவிட்டால் என் தம்பி இருப்பான். போன மாதம் பக்கத்துத் தெருக் கடையில் துப்பாக்கியைக் காட்டிப் பணத்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து வீட்டில் அங்கி வாங்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். கெவ்லர், பாலிஎத்திலீன், செராமிக், இரும்பு என்று பல விதமாக விற்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: முதலில் ஒன்று. துப்பாக்கியோடு வருகிறவனிடம் கல்லாப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அங்கி போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். கை, கழுத்து, முகம் எதையும் அது மூடாது.

சரி, அங்கிக்கு வருவோம். எந்தப் பொருள் என்பதற்கு முன்னால், எந்தத் துப்பாக்கி என்று பாருங்கள். கடைக்குள் வருகிறவன் கையில் பெரும்பாலும் இருப்பது கைத்துப்பாக்கி. அதற்கு மெல்லிய துணி அங்கியே போதும். அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம், அதாவது என்.ஐ.ஜே., வகுத்த தரத்தில் இதற்கு ‘த்ரீ ஏ’ என்று பெயர். 2023-இல் வந்த புதிய தரத்தில் ‘எச்.ஜி. 2’. செராமிக்கும் இரும்பும் ரைஃபிள் குண்டுக்கான தகடுகள். எட்டு மணி நேரம் கல்லாவில் உட்காருகிறவருக்கு அந்தச் சுமை தேவையில்லை.

மிஞ்சுவது கெவ்லரும் பாலிஎத்திலீனும். டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் 1965-இல் கண்டுபிடித்த இழைதான் கெவ்லர். டயருக்கு எடை குறைந்த, வலுவான நார் தேடும்போது கிடைத்தது. சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் ஈரமும் வெயிலும் ஆகாது. அதனால்தான் பேனலை, அதாவது அங்கிக்குள் இருக்கும் குண்டு தடுக்கும் இழை அடுக்கை, நீர் புகாத உறைக்குள் வைத்து ஒட்டி மூடுகிறார்கள். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வருவது பாலிஎத்திலீன். தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசு, ஈரத்தால் கெடாது. அதற்குச் சத்துரு சூடு. ஹூஸ்டன் கோடையில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அதைப் போட்டு வைக்கவே கூடாது. கடைக்கும் வீட்டுக்கும் காரிலேயே கிடக்கப் போகிறதென்றால் கெவ்லர் வகையை வாங்குங்கள். கையோடு எடுத்துப் போவீர்களென்றால் பாலிஎத்திலீன் உடம்புக்குச் சுகம். இரண்டையும் கலந்து செய்த அங்கிகளும் உண்டு.

வாங்கும்போது பேனலை அங்கியின் வெளி உறையிலிருந்து எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். மாடல் எண், தர நிலை, தயாரித்த தேதி, உடம்பில் ஒட்ட வேண்டிய பக்கம் எது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த மாடல் எண்ணை என்.ஐ.ஜே. தன் இணையதளத்தில் வைத்திருக்கும் தேர்ச்சிப் பட்டியலில் தேடுங்கள். ‘என்.ஐ.ஜே. தரத்துக்கு ஏற்பச் சோதித்தது’ என்று விற்பவர் எழுதியிருப்பது வேறு, பட்டியலில் இருப்பது வேறு. பட்டியலில் இல்லாததை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. பரிசோதனையில் அங்கிக்குப் பின்னால் களிமண் வைத்துச் சுடுவார்கள். குண்டு உள்ளே போகவும் கூடாது, களிமண்ணில் விழும் குழி 44 மில்லிமீட்டரைத் தாண்டவும் கூடாது. அந்த அளவுக்குள் அமுங்கினாலே விலா எலும்பு முறியலாம். அங்கி குண்டை நிறுத்திவிட்டாலும் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: இரும்புத் தகடு மலிவாகக் கிடைக்கிறது, பல குண்டுகளைத் தாங்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பல குண்டுகளைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் இரும்பில் மோதிய குண்டு சிதறி, தகட்டின் பரப்பை ஒட்டியே நாலா பக்கமும் பாயும். மேலே இருப்பது உங்கள் தொண்டையும் தாடையும். சிதறலைத் தடுக்க மேலே ரப்பர் மாதிரி ஒரு பூச்சு பூசுகிறார்கள். ஒரே இடத்தில் அடி விழ விழ அது பிய்ந்துவிடும். ஒரு தகடே மூன்றரைக் கிலோவுக்கு மேல் வரும், முன்னும் பின்னும் போட்டால் ஏழு.

செராமிக் வேலை செய்யும் விதம் வேறு. கடினமான செராமிக் குண்டின் முனையை நொறுக்கித் தானும் நொறுங்கும். பின்னாலிருக்கும் பாலிஎத்திலீன் அடுக்கு அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். செராமிக் வகைகளில் அலுமினா விலை குறைவு, எடை அதிகம். போரான் கார்பைடு மிக இலேசு, விலை எட்டாது. சிலிக்கான் கார்பைடு நடுவில். இரும்பைத் துளைக்கும் ரைஃபிள் குண்டுக்குச் செராமிக் உள்ள தகடுதான் வழக்கம். வெறும் பாலிஎத்திலீன் தகடுகள் பலவற்றை, நுனியில் எஃகு வைத்த எம் 855 என்ற ரைஃபிள் குண்டு துளைத்துவிடும். செராமிக் தகட்டைக் கீழே போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தால் எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கேள்வி: போலீஸ்காரர் பயன்படுத்திய பழைய அங்கி 80 டாலருக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் ஸைலான்.

ஜப்பானின் டோயோபோ நிறுவனம் தயாரித்த இழை அது. கெவ்லரைவிட வலு, மெல்லிசு என்று அமெரிக்கப் போலீஸ்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 2003-இல் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஓர் அதிகாரி போட்டிருந்த ஸைலான் அங்கியைக் குண்டு துளைத்தது. அவர் பலத்த காயத்தோடு தப்பினார். அப்புறம் என்.ஐ.ஜே. உபயோகித்த ஸைலான் அங்கிகள் 103-ஐ எடுத்துச் சுட்டுப் பார்த்தது. 60-இல் குண்டு உள்ளே போனது. எல்லா அளவுகோலிலும் தேறியவை வெறும் நான்கு. வெப்பத்திலும் ஈரத்திலும் இழை சத்தமில்லாமல் நைந்துபோயிருந்தது. 2005 ஆகஸ்டில் ஸைலான் அங்கிகளுக்கான அங்கீகாரம் போயிற்று. வெளியே பார்த்தால் எந்த அங்கியும் புதிது போலத்தான் இருந்தது.

நல்ல இழையிலும் வியர்வை, மடிப்பு, காலம் எல்லாம் வேலை செய்யும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் துணி அங்கிக்கு ஐந்து ஆண்டுதான் உத்தரவாதம் தருகிறார்கள். முந்தைய சொந்தக்காரர் அதை எங்கே வைத்திருந்தார் என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: குண்டு அங்கி கத்தியையும் தடுக்குமா?

பதில்: தடுக்கும் என்று நம்ப வேண்டாம். கூர்முனை இழைகளை விலக்கிக்கொண்டு போய்விடும். கத்திக்குத் தனித் தரம் உண்டு. இரண்டுக்கும் சேர்த்துச் சோதித்த அங்கி வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள். விலையும் எடையும் கூடும்.

கேள்வி: நியூயார்க்கில் இருக்கும் அண்ணனுக்கும் ஒன்று வாங்கி அனுப்பலாமா?

பதில்: கூடாது. 2022 முதல் அந்த மாநிலத்தில் குறிப்பிட்ட தொழில் செய்பவர்கள் மட்டுமே வாங்கலாம். கனெக்டிகட்டிலும் கட்டுப்பாடு இருக்கிறது. வன்முறைக் குற்றத்துக்காகப் பெரிய தண்டனை பெற்றவர் அங்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டமே தடுக்கிறது.

கேள்வி: துவைப்பது எப்படி?

பதில்: பேனல்களை எடுத்துவிட்டு வெளி உறையை மட்டும் துவையுங்கள். பேனலை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ப்ளீச், டிரையர், இஸ்திரி எதுவும் கூடாது. நிழலில் தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். ஹேங்கரில் மாட்டினால் பேனல் தொய்ந்துவிடும். உறையின் தையல் விட்டோ ஓரம் கிழிந்தோ இருந்தால் நீங்களே ஊசி எடுத்துத் தைக்காமல் தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.